ஹெட் ஃபேசிங் அடித்து ரேஸ் கேம் போட்டேன், டைமிங் மார்க் சேரவில்லை: ஒரு பல் தள்ளி வைக்கலாமா?

காட்பாடியிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். வண்டி இரட்டை கேம், நாலு வால்வு, ஒற்றை சிலிண்டர். ஹெட்டை 0.3 மில்லி ஃபேசிங் அடித்து, அதாவது அடிப்பரப்பைச் சீவி, கடையில் வாங்கிய ரேஸ் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டைப் போட்டிருக்கிறீர்கள். மேக்னெட்டில் உள்ள ‘டி’ மார்க்கை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் கோடு) நேராக நிறுத்தினால் கேம் ஸ்பிராக்கெட்டின் கோடுகள் ஹெட்டின் விளிம்போடு சேராமல் சுமார் 2 மில்லி பின்தங்கி நிற்கின்றன. மெக்கானிக் அண்ணன் “ஒரு பல் அட்வான்ஸ் வச்சா டாப் எண்டு அள்ளிக்கிட்டுப் போகும்” என்கிறார். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. பல் எது என்று கேட்டாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு மூன்று: பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு திறந்து மூடுகிறது, அதை எப்படி அளப்பது, அளந்தபின் எங்கே நிறுத்துவது. முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் உண்டு. மூன்றாவதற்கு ஒரு எல்லை வரைதான்.

ஒரு பல் தள்ள வேண்டாம். கணக்கைப் பார்த்தாலே விளங்கும். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேம் ஸ்பிராக்கெட்டில் 34 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் 10.6 டிகிரி, கிராங்க்கில் 21.2 டிகிரி. பற்களை எண்ணி 720-ஐ அதனால் வகுத்தால் உங்கள் வண்டிக்கான கணக்கு கிடைக்கும். ரேஸ் எஞ்சினில் இரண்டு டிகிரி, நாலு டிகிரி என்று நகர்த்திப் பார்ப்பார்கள். 21 டிகிரி என்பது இன்டேக் வால்வு (காற்று உள்ளே வரும் வால்வு) பிஸ்டனைத் தொடுவதற்குத் தாராளமாகப் போதும். அண்ணன் சொன்னதின் இரண்டாவது பாதியும் தலைகீழ். இன்டேக் கேமை அட்வான்ஸ் செய்தால், அதாவது வால்வு முன்கூட்டியே திறந்து மூடும்படி வைத்தால், பொதுவாக இழுவை கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கும், மேலே ஏறாது. மேலே வேண்டும் என்றால் ரிடார்டு பக்கம், அதாவது தாமதப்படுத்தும் பக்கம் போக வேண்டும்.

மார்க் ஏன் பின்தங்கியது? ஹெட்டைச் சீவினால் கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைகிறது. செயினின் இழுபடும் பக்கத்தில் அந்த அளவு நீளம் மிஞ்சுகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எதிர்ப்பக்கத்துத் தொய்வைத்தான் எடுக்கும். அதனால் இரண்டு கேமும் சேர்ந்து பின்தங்குகின்றன. எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். 6.35 மில்லி பிட்ச் செயின், 34 பல் என்றால் ஸ்பிராக்கெட்டின் பிட்ச் ஆரம் 34.4 மில்லி வரும். சீவிய அளவை அந்த ஆரத்தால் வகுத்து 114.6-ஆல் பெருக்கினால் கிராங்க் டிகிரி. 0.3 மில்லிக்கு சரியாக 1 டிகிரி. ஸ்பிராக்கெட் விளிம்பில் பார்த்தால் 0.3 மில்லி நகர்வு, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாது. நீங்களோ 2 மில்லி என்கிறீர்கள். அது கிராங்க்கில் 6 டிகிரிக்கு மேல். ஆக, ஃபேசிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது. மீதி எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று சந்தேகங்கள்: நீண்டுபோன பழைய செயின், எண்ணெய் அழுத்தம் இல்லாமல் தளர்ந்து கிடக்கும் டென்ஷனர், அல்லது புதுக் கேமில் ஸ்பிராக்கெட் உட்காரும் துளையே சற்றுத் தள்ளி அடிக்கப்பட்டிருப்பது. மூன்றில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். கம்பெனி மார்க் கம்பெனிக் கேமுக்கும், சீவாத ஹெட்டுக்கும், புதுச் செயினுக்கும் போட்டது. உங்கள் எஞ்சினில் இந்த மூன்றுமே இப்போது இல்லை. அந்தக் கோட்டை ‘இதுக்குப் பக்கத்தில்’ என்ற அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

சாமான்கள் அதிகம் இல்லை. கிராங்க் நுனியில் மாட்ட டிகிரி வீல் (டிகிரிக் கோடுகள் போட்ட வட்டு) ஒன்று. 250 மில்லி விட்டம் இருந்தால் ஒரு டிகிரிக்கு 2.18 மில்லி இடைவெளி கிடைக்கும், அரை டிகிரியைக் கண்ணால் படிக்கலாம். 120 மில்லி வீலில் ஒரு டிகிரியே 1 மில்லிதான், கஷ்டம். 0.01 மில்லி காட்டும், 10 மில்லி ஓட்டமுள்ள டயல் கேஜ், மெல்லிய நீட்டிப்பு ஊசியோடு. சைக்கிள் போக்ஸ் கம்பியில் வளைத்த முள் ஒன்று, கிராங்க்கேஸ் போல்ட்டில் இறுக்கிக்கொள்ள. பிஸ்டன் ஸ்டாப் ஒன்று: பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, உள்ளே மரை போட்டு, நுனி உருட்டிய போல்ட்டை இறக்கினால் அதுவே ஸ்டாப். இராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். இரட்டை கேம் ஹெட்டில் பிளக் குழி ஆழம், அதனால் உடலை நீளமாகச் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: ஹெட் அலுமினியம், டயல் கேஜின் காந்த ஸ்டாண்டு அதில் ஒட்டாது. கேம் கவர் போல்ட் துளைகளில் 6 மில்லி இரும்புத் தகடு ஒன்றை இறுக்கி, அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். தகடு ஆடினால் அளவு எல்லாம் பொய்.

முதல் வேலை உண்மையான டாப்பை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பது. இது அரை டிகிரி தவறினால் பின்னால் எடுக்கும் எல்லா அளவும் அதே அரை டிகிரி தவறும். மேக்னெட் மார்க்கை நம்பாதீர்கள். பிஸ்டன் மேல் டயல் கேஜ் வைத்து முள் நிற்கும் இடத்தை டாப் என்று எடுப்பதும் சரிப்படாது. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் பிஸ்டனும் அங்கே நிற்கிறது: 60 மில்லி ஸ்ட்ரோக் எஞ்சினில் டாப்பிலிருந்து 2 டிகிரி தள்ளினாலும் பிஸ்டன் இறங்குவது 0.02 மில்லி சுமார்தான். கேஜில் இரண்டு கோடு. அதனால் ஸ்டாப் முறைதான் வழி. பிஸ்டனைத் தோராயமாக டாப்பில் நிறுத்தி, வீலில் பூஜ்யத்துக்கு நேரே முள்ளை வையுங்கள். பிஸ்டனைச் சற்று இறக்கி ஸ்டாப்பை மாட்டுங்கள். கையால் மெல்லத் திருப்பி, பிஸ்டன் ஸ்டாப்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் திருப்பி அங்கேயும் தொட வையுங்கள். ஒரு பக்கம் 24, மறுபக்கம் 30 என்று வந்தால் சராசரி 27. வீலை நகர்த்தாமல் முள்ளை மட்டும் வளைத்து, இரண்டு பக்கமும் 27 காட்டும்படி செய்தால் பூஜ்யம்தான் உண்மை டாப். திரும்ப ஒருமுறை இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். கேம்கள் வெளியே இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது, வால்வு எல்லாம் மூடியிருக்கும். ஆனால் அப்போது டைமிங் செயினை ஒரு கம்பியால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும்; விட்டால் கீழே கிராங்க் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு மாட்டி, கேஸ் உதட்டையே உடைக்கும். செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

திருப்பும் திசை ஒரு தனிச் சங்கதி. ஸ்டாப் வேலை முடிந்தபின், கேம் அளவுகள் எல்லாவற்றையும் எஞ்சின் ஓடும் திசையில் திருப்பித்தான் படிக்க வேண்டும். பின்னால் திருப்பினால் தொய்வு இழுபடும் பக்கத்துக்கு வந்துவிடும், இரண்டு மூன்று டிகிரி தாராளமாகக் கோணும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுக்காதீர்கள். 45 டிகிரி பின்னால் போய், திரும்ப முன்னோக்கி வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடதுபக்கம் நின்று பார்த்தால் கிராங்க் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். மேக்னெட் நட்டு சாதாரண வலது மரையாக இருந்தால் அந்தத் திசையில் ஸ்பேனர் போடும்போது நட்டே தளரும், வீலும் கூடவே நழுவும். அதைத் தவிர்க்க டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்ல உருட்டலாம். ஹைட்ராலிக் டென்ஷனர் என்றால் எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது தொளதொளவென்று இருக்கும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதன் இடத்தில் போல்ட் வைத்த மேனுவல் டென்ஷனரைப் போட்டு விரல் இறுக்கம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கேம். டேப்பெட் கிளியரன்ஸை (வால்வு மூடியிருக்கும்போது கேமுக்கும் பக்கெட்டுக்கும் உள்ள இடைவெளி) முதலில் கேம் கார்டு (கேமோடு வரும் அளவுத் தாள்) சொல்லும் அளவுக்கு ஷிம் (மெல்லிய வில்லை) போட்டு முடித்துவிடுங்கள். அரைத்துச் சரிசெய்த கேம் என்றால் அடிவட்டம் சிறுத்திருக்கும், தடித்த ஷிம் தேவைப்படும். உங்கள் அளவு ஷிம் கிடைக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். டயல் கேஜ் ஊசியை, கேம் அழுத்தி வால்வைத் தள்ளும் மூடியான பக்கெட்டின் ஓரத்தில், வால்வு போகும் அச்சுக்கு இணையாக நிறுத்துங்கள். ஃபிங்கர் ஃபாலோயர் எஞ்சினில் ஸ்பிரிங் ரிடெய்னர் மேல். சற்றுச் சாய்ந்திருந்தால் லோப் சென்டர் (வால்வு முழுக்கத் திறந்து நிற்கும் டிகிரி) அளவு கெடாது, ஏனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பிழைதான். ஆனால் மொத்த லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கணக்கு தவறும். வால்வு மூடியிருக்கும்போது கேஜைப் பூஜ்யமாக்கி, ஓடும் திசையில் திருப்பி, வால்வு 1 மில்லி திறந்த இடத்தில் வீலைப் படியுங்கள். தொடர்ந்து திருப்பி, வால்வு மூடிக்கொண்டே வந்து 1 மில்லி மிச்சமிருக்கும் இடத்தில் மறுபடியும் படியுங்கள். லோப்பின் மூக்கில் கேஜ் நிற்கும் இடத்தை நேரடியாகத் தேடாதீர்கள். டாப்பைப் போலவே அங்கேயும் முள் அசையாமல் ஏமாற்றும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். இன்டேக் வால்வு டாப்புக்கு முன் 12 டிகிரியில் திறந்து, பாட்டத்துக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் புள்ளி) பின் 52-ல் மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 + 180 + 52 = 244, இதுதான் டியூரேஷன், வால்வு திறந்திருக்கும் அளவு. பாதி 122. அதிலிருந்து திறப்பு 12-ஐக் கழித்தால் 110. அதாவது இன்டேக் லோப் சென்டர் டாப்புக்குப் பின் 110 டிகிரி. கார்டில் 104 என்று போட்டிருந்தால் உங்கள் கேம் 6 டிகிரி ரிடார்டாக நிற்கிறது. எக்ஸாஸ்ட்டுக்கும் இதே கணக்கு, திசைதான் மாறும்: பாட்டத்துக்கு முன் 44-ல் திறந்து டாப்புக்குப் பின் 14-ல் மூடினால் 44 + 180 + 14 = 238, பாதி 119, மூடும் 14-ஐக் கழித்தால் டாப்புக்கு முன் 105. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: இன்டேக்கை அட்வான்ஸ் செய்தால் அதன் எண் குறையும், எக்ஸாஸ்ட்டை அட்வான்ஸ் செய்தால் எண் கூடும். காகிதத்தில் ஒரு கோடு போட்டு நடுவில் டாப் என்று எழுதி, இரண்டு பக்கமும் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. அளவை மூன்று தடவை எடுங்கள். அரை டிகிரிக்குள் ஒத்துவந்தால் சரி. ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் கேம் மேல் சந்தேகப்படும் முன் முள்ளையும் தகட்டையும் செயின் தொய்வையும் பாருங்கள். கார்டே இல்லாத கேம் என்றால் கவலை வேண்டாம். நீங்கள் அளந்து எழுதுவதுதான் அதன் கார்டு. ஒன்று மட்டும் கவனம்: லோப்பின் இரு சரிவுகளும் ஒரே மாதிரி இல்லாத கேம்களும் உண்டு. அவற்றில் 1 மில்லியில் எடுத்த நடுவும், உச்சத்துக்கு அரை மில்லி கீழே எடுத்த நடுவும் வேறுபடும். கார்டு எந்த லிஃப்ட்டில் அளந்தது என்று பார்த்து அதையே பின்பற்ற வேண்டும். 1 மில்லியில் அளப்பவர்களும் உண்டு, 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லியில் அளப்பவர்களும் உண்டு. இரண்டையும் கலந்தால் திறப்பு, மூடல், டியூரேஷன் என்று எதுவும் கார்டோடு ஒப்பிட முடியாதபடி ஆகிவிடும்.

கிராங்க்கில் 6 டிகிரி என்றால் கேமில் 3. ஸ்பிராக்கெட் போல்ட்டுகள் 30 மில்லி வட்டத்தில் இருந்தால் அந்த 3 டிகிரிக்கு போல்ட் நகர வேண்டியது 0.79 மில்லி. போல்ட் துளையை நீள்துளை ஆக்கினாலே போதும் என்று இதிலிருந்து தெரிகிறது. ஸ்பிராக்கெட்டைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்யுங்கள். எஞ்சின் மேலேயே வைத்து அரம் போட்டால் இரும்புத்தூள் நேரே எண்ணெய்க்குப் போகும். பல ஸ்பிராக்கெட்டுகள் முழுக்கக் கெட்டிப்படுத்திய எஃகு, ஊசி அரம் வழுக்கும். மில்லிங்கில் கார்பைடு கட்டர்தான் கொத்தும். ஸ்பிராக்கெட் கேமோடு அழுத்திப் பொருத்தப்பட்டிருந்தால் இந்த வழியே இல்லை, நீள்துளை வைத்த வெர்னியர் ஸ்பிராக்கெட் வாங்க வேண்டும். அட்வான்ஸ் செய்ய, ஸ்பிராக்கெட்டை அசையாமல் வைத்துக் கேமை அது சுற்றும் திசையிலேயே முன்னால் தள்ளுங்கள். நீள்துளை ஆனபின் போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் கேமைப் பிடித்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். முன்பு துளையின் சுவர் தடுத்தது, இப்போது அது இல்லை. புது 10.9 அல்லது 12.9 தர போல்ட், கெட்டி வாஷர், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த மரை, த்ரெட் லாக், சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க். கை மதிப்பில் இறுக்கிய 6 மில்லி போல்ட் 9,000 ஆர்பிஎம்மில் தளர்ந்தால் பிஸ்டனும் வால்வும் சேர்ந்தே போகும்.

இதுவரை சொன்னதில் ஏதாவது ஒரு டிகிரி தவறினால் கொஞ்சம் பவர் போகும், அவ்வளவுதான். இனி சொல்வதில் தவறினால் எஞ்சின் போகும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி அளக்காமல் ரேஸ் கேம் வைத்த எஞ்சினை ஒரு கிக் கூட அடிக்காதீர்கள். ஹெட்டைச் சீவியதில் 0.3 மில்லி ஏற்கெனவே போய்விட்டது. லிஃப்ட் கூடிய கேம் இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும். டாப்பில் நேராக நிற்கும்போது இடைவெளி குறைவு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனுக்கு மிக நெருங்குவது டாப்புக்கு 10 டிகிரி முன்னால் சுமாராக, இன்டேக் வால்வு டாப்புக்கு 10 டிகிரி பின்னால் சுமாராக. அதனால் 20 டிகிரி முன்னிலிருந்து 20 டிகிரி பின் வரை ஒவ்வொரு 5 டிகிரிக்கும் அளக்க வேண்டும். வழி இது: வால்வு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு பேனா ஸ்பிரிங் போன்ற மெல்லிய ஒன்றைப் போடுங்கள். கேஜை பக்கெட் மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, விரலால் வால்வை அழுத்தி பிஸ்டனைத் தொட வையுங்கள். கேஜ் காட்டுவது அந்த இடத்து இடைவெளி. ஹெட்டில் நசுங்கிய பழைய கேஸ்கெட் இருக்க வேண்டும். புது கேஸ்கெட் இறுகாமல் இருந்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

எஃகு கனெக்டிங் ராடு உள்ள பைக் எஞ்சினுக்கு இன்டேக்கில் 1.0 மில்லி, எக்ஸாஸ்ட்டில் 1.5 மில்லி என்பது ட்யூனர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு. எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல்? அங்கே மூடிக்கொண்டிருக்கும் வால்வைப் பிஸ்டன் மேலே வந்து துரத்துகிறது. ஆர்பிஎம் எகிறி ஸ்பிரிங் தாமதித்தால் வால்வு தப்பிக்க வழியில்லை. சூட்டில் வால்வின் தண்டும் நீள்கிறது. இன்டேக்கில் வால்வுதான் இறங்கும் பிஸ்டனைத் துரத்துகிறது, தாமதித்தால் இடைவெளி கூடத்தான் செய்யும். இதே காரணத்தால், இன்டேக்கை அட்வான்ஸ் செய்யும் ஒவ்வொரு டிகிரிக்கும் இடைவெளி குறையும். காரமான கேமில் டிகிரிக்கு 0.1 மில்லி அளவில் குறைவதுண்டு. உங்கள் 6 டிகிரியில் அரை மில்லிக்கு மேல் காணாமல் போகலாம். ஒரு பல் தள்ளினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட்டில் இதற்கு நேர்மாறு, ரிடார்டு செய்தால் குறையும்.

களிமண் முறையும் உண்டு. பிஸ்டனின் வால்வுக் குழியில் பிள்ளைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை வைத்து, வால்வு முகத்தில் எண்ணெய் தடவி, ஹெட்டை இறுக்கி, இரண்டு முழுச் சுற்று திருப்பி, கழற்றி, பிளேடால் அறுத்து அளப்பது. அது எந்த டிகிரியில் குறைவு என்று சொல்லாது, குறைந்தபட்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். ஆனால் கேஜ் காட்டாத ஒன்றைக் காட்டும்: வால்வின் விளிம்புக்கும் குழியின் சுவருக்கும் உள்ள பக்க இடைவெளி. அதுவும் 1 மில்லிக்குக் குறையக் கூடாது. நாலு வால்வு ஹெட்டில் இன்னொன்றும் உண்டு: ஓவர்லேப்பில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் இரண்டுமே பாதி திறந்து ஒன்றையொன்று நோக்கி நிற்கும். இரண்டு கேமையும் நெருக்கினால் வால்வும் வால்வும் மோத இடமுண்டு. முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொள்கின்றனவா, ரிடெய்னர் ஆயில் சீல் மேல் உட்காருகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இடைவெளி போதவில்லை என்றால் டிகிரியை விட்டுக்கொடுங்கள், அல்லது பிஸ்டன் குழியை ஆழப்படுத்துங்கள். பிஸ்டன் தலையின் தடிமன் தெரியாமல் குழி தோண்டுவது வேண்டாம்.

இனி எங்கே நிறுத்துவது. இது உறுதியில்லாத பகுதி. கேம் கார்டு சொல்லும் எண்ணில் தொடங்குங்கள் என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். அதற்கு மேல் சைலன்சரின் நீளம், இன்டேக் குழாய், ஏர் பாக்ஸ், கம்ப்ரஷன் எல்லாம் சேர்ந்துதான் எண்ணை முடிவு செய்கின்றன. தூரத்திலிருந்து யாராவது “102 வை” என்று சொன்னால் அது ஊகம். போக்கு மட்டும் தெரியும். நான்கு நிகழ்வுகளில் இன்டேக் மூடும் நேரம்தான் பெரும்பாலும் குணத்தைத் தீர்மானிக்கிறது. சீக்கிரம் மூடினால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுத்த காற்று திரும்பி ஓடாமல் சிலிண்டரிலேயே அடைபடும், பிக்கப் வரும். தாமதமாக மூடினால் உயர்ந்த ஆர்பிஎம்மில் வேகமாக வரும் காற்று இன்னும் கொஞ்சம் நிரம்ப நேரம் கிடைக்கும், ஆனால் கீழே சோர்ந்துபோகும். யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பில் 7,400 ஆர்பிஎம்மில் இன்டேக்குக்கு வேறு லோப் மாறுகிறதே, அது இந்த இரண்டையும் ஒரே எண்ணில் பெற முடியாது என்பதால்தான். வார இறுதியில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் இன்டேக்கை கார்டைவிட 2 டிகிரி அட்வான்ஸ் பக்கம் வைப்பது உதவக்கூடும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்றத்தான் என்றால் கார்டு எண்ணிலோ 2 டிகிரி ரிடார்டிலோ பார்க்கலாம். இரண்டு கேமையும் ஒரே நேரத்தில் நகர்த்தாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் இன்டேக், 2 டிகிரி 2 டிகிரியாக, கார்டிலிருந்து 4-ஐத் தாண்டாமல். ஒவ்வொரு முறையும் வால்வு இடைவெளியை மறுபடி அளந்து, டைனோவில் (பவர் அளக்கும் கருவி) ஓட்டி, வரைபடத்தை வைத்து ஒப்பிடுங்கள். உட்கார்ந்து ஓட்டும்போது வரும் ‘நல்லா இழுக்குதே’ என்ற உணர்வு நம்பத்தக்கதல்ல. கீழே செத்து மேலே திடீரென எழும் எஞ்சின்தான் உட்காருபவருக்கு வேகமானதாகத் தோன்றும். பெங்களூர் நெடுஞ்சாலையில் வைத்துச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்தே சொல்ல வேண்டும். ஹெட்டைச் சீவியதால் கம்ப்ரஷன் ஏறியிருக்கிறது. அதன் மேல் இன்டேக்கை அட்வான்ஸ் செய்தால் சிலிண்டரில் அடைபடும் அழுத்தம் இன்னும் ஏறும். மார்கழியில் சிக்கலில்லாமல் ஓடிய எஞ்சின் கத்திரி வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில், காட்பாடி மேம்பால நெரிசலில் நின்று ஊர்ந்தபின் த்ராட்டில் திறந்ததும் ‘கிணிகிணி’ என்று தட்டும். அது டேப்பெட் சத்தம் என்று விட்டால் பிஸ்டன் தலை அரித்துப்போகும். தட்டல் வந்தால் இக்னிஷனைச் சற்றுக் குறைப்பதா, கேமைப் பின்னுக்கு எடுப்பதா என்பதை இசியூ (எஞ்சினின் கணினி) ரீமேப் செய்பவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ரேஸ் கேமுக்கு ரீமேப் எப்படியும் கட்டாயம். ஓவர்லேப் கூடினால் ஐடிலிங்கில் எரியாத காற்று சைலன்சருக்குள் போய், ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் குறைவு’ என்று தவறாகச் சொல்லும், இசியூ தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும்.

உங்கள் கேள்விக்குக் கீழே சிலர் தங்கள் வண்டிக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். ஆர்15, இன்டர்செப்டர் 650 போன்றவற்றில் ஒரே கேம்தான். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தே நகரும், இடைப்பட்ட கோணத்தை மாற்ற கேமையேதான் மாற்ற வேண்டும். பழைய புல்லட்டில் கேம் கியரில் ஓடுகிறது, செயின் தொய்வுச் சிக்கல் இல்லை, ஆனால் ஒரு பல் தாண்டினால் விளைவு அதேதான். அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் ஹெட் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது: இன்டேக் முன்னால், எக்ஸாஸ்ட் பின்னால். பழக்கத்தில் முன்பக்கம் எக்ஸாஸ்ட் என்று எடுத்தால் அளவெல்லாம் தலைகீழாகும். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பருக்கு: டூ ஸ்ட்ரோக்கில் கேமே கிடையாது, உங்கள் டைமிங் சிலிண்டரின் போர்ட் உயரத்தில் இருக்கிறது, அது வேறு கச்சேரி.

மூட்டும்போது லோப்புகளிலும் பேரிங் இடங்களிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். கேம் கேப் போல்ட்டுகளை நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக, மூன்று நான்கு சுற்றில் சிறுகச் சிறுக இறக்க வேண்டும். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கினால் திறந்து நிற்கும் வால்வின் ஸ்பிரிங் அழுத்தத்தில் கேப் விரிசல் விடும், சில நேரம் கேமே முறியும். அசல் டென்ஷனரைத் திரும்பப் போட்டபின் லோப் சென்டரை இன்னொரு முறை அளங்கள். மேனுவல் டென்ஷனரில் எடுத்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கையால் நாலு சுற்று திருப்புங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் பலம் போடாதீர்கள், நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். முடிந்தால் லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைப் பார்ப்பது) செய்யுங்கள். கம்ப்ரஷன் கேஜ் மட்டும் வைத்திருந்தால், பல ஒற்றை சிலிண்டர்களில் ஸ்டார்ட் எளிதாக இருக்க எக்ஸாஸ்ட் கேமில் டீகம்ப்ரஷன் அமைப்பு உண்டு, அதனால் அளவு குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்களை எல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள்: உண்மை டாப்புக்கும் மேக்னெட் மார்க்குக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு லோப் சென்டர்கள், நான்கு வால்வு இடைவெளிகள், ஷிம் அளவுகள். அடுத்த முறை செயின் மாற்றும்போது இதெல்லாம் மறுபடி அளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் புதுச் செயின் கேமைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் இது தலைகாட்டும். சாலை வண்டி என்றால் அசல் கேம்களைத் துணியில் சுற்றி எண்ணெய் பூசி வைத்திருங்கள். முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் எஞ்சின் முழுக்க ஆறியதும் கவரைத் திறந்து ஸ்பிராக்கெட் போல்ட்டுகளில் பெயிண்ட் மார்க்கர் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப்பெட் கிளியரன்ஸையும் அன்றே அளந்து, முதல் 300 கிலோமீட்டரில் இன்னொரு முறை பாருங்கள்.